பறவை கத்தவே இல்லையா?

அன்புள்ள ஐயா,
பறவைகள் பறப்பதை வைத்து எழுதிய புதிய ஆர்கெஸ்ட்ரா இசை ஒன்றை நண்பர் அனுப்பினார். ஆபீஸில் வேலையோடு வேலையாக இரண்டு முறை கேட்டேன். இருபது நிமிடத்தில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. இதை எப்படிக் கேட்பது? மேற்கத்திய இசை கேட்க ஒரு பட்டியல் தர முடியுமா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

வேலையோடு வேலையாகக் கேட்டால் மிக்ஸியும் ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றுதான். பட்டியலெல்லாம் நெட்டில் கொட்டிக் கிடக்கிறது, தேடிக்கொள்ளுங்கள்.

ஆனால் ‘கத்தவில்லை’ என்று குறைபட்டீர்கள் பாருங்கள், சில நாட்களாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணக் கச்சேரியில் கீபோர்டில் குயில் கூவினால் கைதட்டிப் பழகிவிட்டோம். பிரான்சின் இசையமைப்பாளர் மெசியான் பறவைகளின் குரலைத் தேடித் தேடி எழுதிவைத்தார், அது ஒரு வழி. பறப்பது வேறு. 1915 ஏப்ரல் 21 அன்று பின்லாந்தில் 16 அன்னங்கள் தலைக்கு மேல் வட்டமடித்துப் போனதை அந்நாட்டு இசையமைப்பாளர் சிபேலியஸ் டைரியில் எழுதினார். அவருடைய ஐந்தாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் ஹார்ன் என்னும் ஊதுவாத்தியங்கள் ஊசலாடிக்கொண்டு வரும் மெட்டை அன்னத்தின் பேரால்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் கேட்பது இறக்கைதான்.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர், சிபேலியஸ் பேரே கேள்விப்படாத ஒரு தவில்காரர். எங்கள் தெரு. வாசிப்பு இல்லாத நாட்களில் என்னை சைக்கிள் கேரியரில் வைத்து வடுவூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவார். துண்டை விரித்து உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருப்பார். நீர்க்காகம் தண்ணீரை ஒட்டிப் படபடவென்று வந்தால் விரல் ஓடும். கூழைக்கடா வரிசை வந்தால் நாலு தட்டு, அப்புறம் கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். முன்னால் போவது இறக்கையை நிறுத்தி மிதக்க, பின்னால் வருவது, அதற்கும் பின்னால் வருவது என்று ஒவ்வொன்றாக நிறுத்தும். முதலாவது மறுபடி அடிக்கத் தொடங்கினால் அந்த அடியும் வரிசையின் கடைசிவரை கைமாறிப் போகும். “பாத்தியா, கார்வையக்கூட வரிசையா வாங்கிக்கிதுங்க” என்பார். கார்வை என்றால் அடிக்கும் அடிக்கும் நடுவே விடும் இடைவெளி. பத்து வயதில் எனக்கு என்ன தெரியும், திரும்பும்போது பஜ்ஜி வாங்கித் தருவாரா என்பதுதான் கவலை. இன்று வயலின்கள் விட்டதை வயோலாவும், அது விட்டதை செல்லோவும் எடுக்கும்போது அந்தத் தொடையும் அந்தரத்தில் நின்ற கையும்தான் ஞாபகம் வருகிறது.

மன்னார்குடியில் இருக்கிறீர்கள், தஞ்சாவூர் பஸ் வடுவூர் வழியாகத்தான் போகிறது, ஒரு நாளாவது அந்தக் கரையில் இறங்கியிருக்கிறீர்களா? ஜன்னலில் பார்த்தது கணக்கில்லை. கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் இருக்கும்போது போங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் கரையில் இருக்க வேண்டும், ஹெட்போன் இல்லாமல். அப்புறம் அந்த இருபது நிமிடத்தைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். எனக்கும் அனுப்புங்கள், நான் இன்னும் அதைக் கேட்கவே இல்லை.