கடைசி நாட்களில் பக்கத்தில் ஒருவர்: கேள்வி பதில்

சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் துணையாக இருப்பது என் வேலை. 12 வருடங்களாகச் செய்கிறேன். அதற்கு முன்பு நர்ஸாக இருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டே வரியிலும் பதில் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டெத் டூலா என்றால் யார் அக்கா? நர்ஸ் செய்யாத எதைச் செய்வீர்கள்?

டூலா என்பது கிரேக்கச் சொல். பழைய நாளில் பணிப்பெண் என்று பொருள். பிரசவத்தில் துணை நிற்கும் பெண்களுக்குத்தான் இந்தப் பெயர் முதலில் வந்தது. நியூயார்க்கில், கடைசிக் கட்ட நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் ஒன்றில் சமூகப் பணியாளராக இருந்த ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ், பிரசவ டூலாக்களின் வேலையைப் பார்த்து, வருகிற உயிருக்கு இருக்கும் துணை போகிற உயிருக்கும் இருக்கட்டும் என்று 2003இல் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. 'டெத்' என்று ஆரம்பித்தால் யார் கதவைத் திறப்பார்கள்? 'கூட இருக்க வந்திருக்கிறேன்' என்றுதான் சொல்வேன்.

நான் ஊசி போடுவதில்லை, மருந்தின் அளவை மாற்றுவதில்லை, சிகிச்சையை நிறுத்துங்கள் என்றோ தொடருங்கள் என்றோ சொல்வதில்லை. பக்கத்தில் உட்காருவேன். டாக்டர் சொன்னதில் வீட்டாருக்கு எது புரியவில்லை என்று பார்த்து, அடுத்த முறை அவரிடம் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுப்பேன். ராத்திரி முழுக்க விழித்திருக்கும் மகளைத் தூங்க அனுப்புவேன். நோயாளி யாரிடமாவது ஏதாவது சொல்ல நினைத்தால் அதற்கு வழி செய்வேன். ஒரு காலத்தில் இதையெல்லாம் வீட்டில் இருந்த பெரியவர்கள் சம்பளமும் சான்றிதழும் இல்லாமல் செய்தார்கள்.

கேள்வி: இதற்கு உரிமம், சான்றிதழ் எல்லாம் உண்டா?

டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருப்பதுபோல் உலகமெங்கும் செல்லும் உரிமம் எதுவும் கிடையாது. பயிற்சிகள் நிறைய இருக்கின்றன. சில வாரக் கடைசியோடு முடிந்துவிடும், சில மாதக்கணக்கில் போகும். சான்றிதழைப் பார்த்து ஒருவரை வைத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். அந்த அரை மணியில் அவரே பேசிக்கொண்டிருந்தால் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. அவரிடம் சொல்லக்கூடாது என்று அண்ணன் சொல்கிறார். சொல்லலாமா?

சொல்வதா வேண்டாமா என்பதை விட்டுவிட்டு முதலில் கேளுங்கள். 'உங்கள் உடம்பு எப்படி இருப்பதாக நினைக்கிறீர்கள் அப்பா?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு மேல் ஏற்கனவே தெரிந்துதான் இருக்கும். வீட்டார் அழுவார்களே என்று அவர் மறைப்பார், அவர் உடைந்துவிடுவாரே என்று வீட்டார் மறைப்பார்கள். ஒரே அறைக்குள் இரண்டு பக்கமும் நாடகம். அவருக்கு நாடகம் போடத் தெம்பு கிடையாது என்பதை அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள்.

எல்லாரும் அறிய விரும்புவார்கள் என்றும் இல்லை. 'அதெல்லாம் எனக்கு வேண்டாம், உன் அண்ணனிடம் பேசச் சொல்லு' என்று அப்பாவே சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். அதை மதியுங்கள்.

கேள்வி: அம்மா சாப்பிடவே மாட்டேன் என்கிறார். பட்டினி போட்டுக் கொல்கிறோமோ என்று இருக்கிறது.

இந்தக் கேள்விதான் அதிகமாக வந்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாப்பிடாததால் அவர் போகவில்லை. போய்க்கொண்டிருப்பதால் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்கிறபோது, உள்ளே போவதை உடம்பால் பயன்படுத்திக்கொள்ள முடியாது. பசியும் அடங்கிவிடும். அந்த நேரத்தில் கட்டாயப்படுத்தி ஊட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறும், நெஞ்சில் சளி கட்டும். கேட்டால் மட்டும் கொடுங்கள், ஒரு வாய் போதும் என்றால் ஒரு வாயோடு விடுங்கள்.

ஆனால் வாய் காயும். அது உண்மையான அவஸ்தை. வாயால் மூச்சு விடுவதால் உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். முதலில் உதட்டு ஓரம், பிறகு ஈறு, கடைசியாக நாக்கின் நுனி. தொண்டை வரைக்கும் போக வேண்டாம். துடைத்து முடிந்ததும் உதட்டில் களிம்பு. மணிக்கு ஒரு தடவையாவது செய்யுங்கள். 40 வருடம் தனக்கு ஊட்டிய கைக்குத் திருப்பி ஊட்ட முடியவில்லையே என்று அழுத ஒரு மகனிடம் இந்தத் துணியைக் கொடுத்தேன். மறுநாள் நான் போனபோது மணி பார்த்து அவரே எழுந்து போய்ச் செய்துகொண்டிருந்தார், என்னைத் தொடவே விடவில்லை.

கேள்வி: தாத்தாவுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, தொண்டையில் கரகரவென்று சத்தம். மூச்சு முட்டுகிறதா?

வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கி, மெல்லக் குறைந்து, அப்படியே நின்று, சில விநாடிகள் கழித்து மறுபடி தொடங்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்த இரண்டு டாக்டர்களின் பெயரால் செயின்-ஸ்டோக்ஸ் மூச்சு என்பார்கள். மூளை மூச்சைச் சீராக நடத்த முடியாமல் போவதால் வருவது. பார்க்கிற நமக்குத்தான் அந்த இடைவெளியில் உயிர் போய்த் திரும்பும்.

கரகர சத்தம் வேறு. விழுங்கவும் இருமவும் தெம்பில்லாததால் எச்சில் தொண்டையில் தேங்கி, காற்று அதன் வழியே போகும்போது வரும் ஓசை. நினைவு தப்பிய நிலையில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலையைச் சற்று உயர்த்துங்கள். குழாய் விட்டு உறிஞ்சச் சொல்லி நச்சரிக்காதீர்கள், அதுதான் அவரைத் துன்புறுத்தும். எச்சிலைக் குறைக்க மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். முகம் சுளித்தாலோ முனகினாலோ மட்டும் உடனே கூப்பிடுங்கள். அது வலியாக இருக்கலாம்.

கைகால் சில்லிடுவதும், முழங்காலிலும் பாதத்திலும் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிவதும் நேரம் நெருங்குவதன் அடையாளங்கள். வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்கிறார்களே?

டாக்டர் சொன்ன அளவில், வலிக்கு ஏற்றபடி படிப்படியாகக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. மிகவும் தாமதமாக ஆரம்பிப்பதால் வந்த கெட்ட பெயர் இது. கடைசி இரண்டு நாளில் கொடுத்தால், இறந்ததற்கு மருந்துதான் காரணம் என்று தோன்றத்தானே செய்யும்?

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்குப் படித்தவர். வலி வந்தபின் மருந்தைத் தேடாமல், வருவதற்கு முன்பே மணி தவறாமல் கொடுக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். உடம்பு வலியோடு மனசு, குடும்பக் கவலை, 'ஏன் எனக்கு' என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்றதும் அவர்தான். முதலாவதற்கு மார்ஃபின் இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் ஆள்தான் வேண்டும். மார்ஃபினால் மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

கேள்வி: நினைவில்லாதவருக்கு நாம் பேசுவது கேட்குமா?

கேட்கும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நினைவிழந்த ஹாஸ்பிஸ் நோயாளிகள் சிலரின் மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியது பதிவாகியிருந்தது. பேச்சு புரிந்ததா என்பது அதிலிருந்து தெரியாது. ஆனாலும் சொத்துச் சண்டையைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் நாலைந்து பேர் சேர்ந்து இப்படி ஏதாவது செய்ய நினைக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது?

இதைக் கேட்டதற்காகவே உங்களுக்குப் பெரிய பதில்.

ஒரு கணக்குப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். நர்ஸ் இரண்டு தடவை வந்து ஒவ்வொரு மணி இருந்தால், மீதி 166. அந்த 166 மணி நேரமும் பெரும்பாலும் ஒரே ஒருவர் தலையில் விழுகிறது, மனைவியோ மகளோ. டூலா வந்து அதில் ஆறேழு மணி நேரத்தை எடுத்துக்கொள்வதால் மட்டும் எதுவும் மாறிவிடாது. அந்த அறைக்குள் இன்னும் பத்துப் பேரைக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலையின் பெரிய பாதி என்று நான் நினைக்கிறேன். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய வலி நிவாரண முயற்சி, பிறகு அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகும் வலைப்பின்னலாக வளர்ந்ததும் இதனால்தான். இங்கிலாந்தின் ஃப்ரோம் என்ற சிறு ஊரில் 2013 வாக்கில் அங்குள்ள டாக்டர்களே, தங்கள் நோயாளிகளை ஊர்க்காரர்களோடு இணைக்கும் வேலையைக் கையில் எடுத்தார்கள்.

சங்கம், பெயர்ப்பலகை, தலைவர் தேர்தல் எதுவும் முதலில் வேண்டாம். ஒரு வீட்டோடு ஆரம்பியுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் 'என்ன உதவி வேண்டும்?' என்று கேட்காதீர்கள், 'ஒன்றும் வேண்டாம்' என்றுதான் வரும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஏழு நாளையும் கட்டம் போடுங்கள். மருந்து வாங்குவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, துணி துவைப்பது, மாலை 4 முதல் 6 வரை உட்காருவது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர். அந்த நோட்டு ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. என் முதல் முயற்சியில் அந்தத் தப்பைத்தான் செய்தேன். யார் வருகிறார், யார் வரவில்லை என்று போன் பண்ணுவதே அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வேலையாகிவிட்டது. மூன்றாம் நாள் நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம், வருகிறவர்களுக்கு ஒரு விதி. சூசன் சில்க் என்ற உளவியலாளர் சொன்னது: நோயாளியை நடுவில் வைத்து வட்டம் வட்டமாகப் போடுங்கள், அடுத்த வட்டம் மனைவி, அதற்கடுத்து பிள்ளைகள், பிறகு நண்பர்கள், தெரிந்தவர்கள். ஆறுதல் உள்பக்கமாகப் போக வேண்டும், புலம்பல் வெளிப்பக்கமாகப் போக வேண்டும். உங்கள் சித்தப்பா இதே நோயில் பட்ட பாட்டை நோயாளியின் மனைவியிடம் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

ஆள் இறந்த மறுநாள் நோட்டை மூடிவிடாதீர்கள். கூட்டம் கலைந்த மூன்றாவது வாரத்தில்தான் அந்த வீடு வெறிச்சோடும்.

கேள்வி: ஏழு வயது மகனிடம் பாட்டி இறந்ததை எப்படிச் சொல்வது?

'இறந்துவிட்டார்' என்றே சொல்லுங்கள். 'தூங்குகிறார்' என்றால் பிள்ளை தூங்கப் பயப்படும். 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: 19 நாள் பக்கத்திலேயே இருந்தேன். முகம் கழுவப் போன ஐந்து நிமிடத்தில் அம்மா போய்விட்டார். இரண்டு வருடமாகியும் ஆறவில்லை.

இந்த வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இப்படிப் பத்துக் கதைகள் சொல்வார்கள். ஆள் வெளியே போன நேரத்தில் உயிர் பிரிவது அவ்வளவு சாதாரணம். பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது போக மனம் வராமல் காத்திருந்தார்கள் என்று சில நர்ஸுகள் சொல்வார்கள். அது உண்மையா என்று நிரூபிக்க வழியில்லை. நான் அதை ஆறுதலாகச் சொல்வதுமில்லை. எனக்குத் தெரிந்தது வேறு. 19 நாளில் எத்தனை முறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்திருப்பீர்கள், எத்தனை முறை உதட்டைத் துடைத்திருப்பீர்கள்? அப்போதெல்லாம் அம்மா அங்கே இருந்தார், நீங்களும் இருந்தீர்கள்.

கேள்வி: எதிர் வீட்டில் ஒருவர் கடைசிக் கட்டத்தில் இருக்கிறார். அவ்வளவு பழக்கமில்லை. போகலாமா? போய் என்ன பேசுவது?

போங்கள். 'பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகிறேன்' என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு நிம்மதி. நின்றுகொண்டு பேசாதீர்கள், நாற்காலியை அவர் கண்ணுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்காருங்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' வேண்டாம். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் நீங்களும் சும்மா இருங்கள். பத்து நிமிடம் ஆனதும் எழுந்துவிடுங்கள். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னால் வியாழக்கிழமை வாருங்கள்.