ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்கிறது, கீழே பால் திரிகிறது: டபுள் டோர் ஃப்ரிட்ஜ் கேள்வி-பதில்

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலையில் எனக்கு 25 வருடம் ஆகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, மேலே ஃப்ரீசரும் கீழே ஃப்ரிட்ஜுமாக இருக்கும் டபுள் டோர் பற்றியவை. எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஃப்ரீசரில் ஐஸ் கல் மாதிரி இருக்கிறது. கீழே வைக்கிற பால் மறுநாளே திரிந்துவிடுகிறது. வந்து பார்த்த மெக்கானிக் "கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்ற வேண்டும்" என்கிறார். ஏற்றலாமா? (வாசகி, மதுரை)

ஏற்றாதீர்கள் அம்மா. முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் ஃப்ரிட்ஜில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில்தான். ஃப்ரீசரின் பின்சுவர் போலத் தெரிகிற பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் 'காயில்' என்கிற, வளைந்து வளைந்து ஓடும் குளிர்க் குழாய் இருக்கிறது. அதன் பக்கத்தில் சின்ன ஃபேன். காயிலைத் தொட்டுக் குளிர்ந்த காற்றை ஃபேன் ஃப்ரீசருக்குள் தள்ளும். அதில் ஒரு பங்கு, பின்பக்கம் உள்ள வழியாகக் கீழே இறங்கும். கீழ்த்தட்டுக்கென்று தனியாகக் குளிர் கிடையாது, மேலிருந்து வருகிற காற்றுதான் எல்லாம். ஆகவே மேலே ஐஸ் கெட்டியாக உறைந்து கீழே மட்டும் குளிர் இல்லை என்றால், பெரும்பாலும் கேஸ் இருக்கிறது, காற்றுதான் இறங்கவில்லை.

கேஸ் என்பது சமையல் சிலிண்டர் மாதிரி எரிந்து தீருகிற பொருள் இல்லை. அடைத்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். அப்போது ஃப்ரீசரும் சோர்ந்து போகும், ஐஸ்கிரீம் இளகும், கம்ப்ரெசர் ஓய்வில்லாமல் ஓடும்.

சரி, காற்றை எது தடுக்கிறது? முதலில் ஃப்ரீசரின் பின்பக்கத் துவாரங்களைப் பாருங்கள். மீன் டப்பாவோ பட்டாணி பாக்கெட்டோ அதை ஒட்டி நின்றால் நகர்த்துங்கள். அடுத்து ஃபேன். ஃப்ரீசர் கதவைத் திறந்து, கதவு மூடும்போது அமுங்குகிற சுவிட்சை விரலால் அமுக்கிப் பிடியுங்கள். கம்ப்ரெசர் ஓடும் நேரத்தில் ஃபேன் சத்தம் கேட்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் மூன்றாவது காரணத்துக்கு வாருங்கள். நான் அதிகம் பார்ப்பது அதைத்தான்: காயிலைச் சுற்றி ஐஸ் கட்டிக்கொள்வது.

காயிலில் பனி படிவது இயல்பு. அதைக் கரைக்கத்தான் கீழே ஒரு ஹீட்டர் இருக்கிறது, சில மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக எரிந்து அணையும். அந்த ஹீட்டரோ, அதோடு சேர்ந்த பைமெட்டலோ (சூட்டைப் பார்த்து ஹீட்டரை நிறுத்தும் சின்ன சுவிட்ச்), பழைய மாடலில் டைமரோ, புதிய மாடலில் சென்சாரோ போர்டோ கெட்டால் பனி கரையாது. நாளுக்கு நாள் தடித்துக் காற்று வழியை மூடிவிடும். ஒரு வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு முறை கேஸ் ஏற்றியிருந்தார்கள். நான் போய்ப் பேனல் ஸ்குரூவைக் கழற்றினேன். காயிலே தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை, ஃபேன் இறக்கை அதில் உரசி ஓரம் தேய்ந்திருந்தது. பைமெட்டலை மட்டும் மாற்றினோம். அந்தக் குடும்பம் இரண்டு முறை கேஸுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனது ஆறவில்லை.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சாமானை எல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் ஒரு நாள் முழுக்கத் திறந்து போடுங்கள். கீழே பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள். கத்தியால் சுரண்டக் கூடாது, குழாயில் குத்திவிட்டால் அப்போதுதான் நிஜமாகவே கேஸ் போகும். மறுபடி ஆன் செய்த பிறகு ஒரு வாரம், பத்து நாள் கீழ்த்தட்டு நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் பழையபடி ஆனால் சந்தேகமே வேண்டாம். மெக்கானிக்கிடம், "ஹீட்டரையும் பைமெட்டலையும் மீட்டர் வைத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள்.

லீக் என்றே தெரிந்தாலும் ஒன்று கவனியுங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தால் அது எளிதில் தீப்பிடிக்கிற கேஸ். அந்த வேலை தெரிந்தவர்தான் தொட வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

வெயில் காலத்தில் மேலே கீழே இரண்டு நாபையும் கடைசி வரை திருப்பி வைத்தேன். இட்லி மாவு முன்பைவிடச் சீக்கிரம் புளிக்கிறதே? (வாசகர், திருச்சி)

நிறைய மாடல்களில் ஃப்ரீசருக்குள் இருக்கிற நாப் குளிரைக் கூட்டுவதில்லை. கீழே போகும் காற்றின் கதவை மூடித் திறப்பது அது. அதை முழுக்கத் திருப்பினால் காற்று மேலேயே தங்கிவிடும், மாவுப் பாத்திரத்துக்குப் பங்கு குறையும். ஃப்ரீசர் நாபை நடுவில் விட்டு, கீழ் நாபை மட்டும் ஒரு படி கூட்டுங்கள். எண் கூடினால் குளிர் கூடும். 7 என்றால் 7 டிகிரி என்று நினைத்துக் குறைத்து வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்ன தெர்மாமீட்டரைத் தண்ணீர் டம்ளரில் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 4 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டினால் போதும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18. பால் பாக்கெட்டைக் கதவில் வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று முதலில் படுவது கதவில்தான். பாலும் மாவும் உள்தட்டில், ஊறுகாயும் சாஸும் கதவில்.

காய்கறி ட்ரேக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. (வாசகி, நாகர்கோவில்)

ஹீட்டர் கரைத்த தண்ணீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக இறங்கி, பின்னால் கம்ப்ரெசருக்கு மேல் உள்ள தட்டில் விழ வேண்டும். கம்ப்ரெசர் சூட்டில் அது ஆவியாகிவிடும். குழாயின் வாய் ஐஸாலோ அழுக்காலோ அடைத்தால் தண்ணீர் உள்ளேயே வழிந்து ட்ரேக்கு அடியில் சேரும். முதல் பதிலில் சொன்னபடி ஒரு நாள் அணைத்து வைத்தால் ஐஸ் அடைப்பு தானே விடும். விடாவிட்டால் மெக்கானிக்கை வைத்துப் பேனலைத் திறந்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயில் செலுத்துங்கள். பின்னால் தட்டில் சொட்டுகிற சத்தம் கேட்டால் முடிந்தது. அந்தத் தட்டையும் ஒரு தடவை கழுவச் சொல்லுங்கள். நாற்றமும் கரப்பானும் பல வீட்டில் அங்கிருந்துதான் வருகின்றன.

பக்கவாட்டுச் சுவர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. (வாசகர், வேலூர்)

உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியேற்றும் குழாய் அந்தத் தகட்டுக்குள்தான் ஓடுகிறது. சுடுவது இயல்பு. சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் பக்கத்திலும் பின்னாலும் நாலு விரல் அகலமாவது இடம் விடுங்கள், மேலே கனமான துணி போர்த்தாதீர்கள்.

கதவு ரப்பர் தளர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, கும்பகோணம்)

ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். ரப்பர் நோட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும், நோட்டு வழுக்கி வரக் கூடாது. நான்கு பக்கமும், முக்கியமாக கீல் பக்க மூலைகளில் பாருங்கள். பல நேரம் ரப்பர் கெடுவதில்லை, மடிப்பில் மாவும் சர்க்கரையும் காய்ந்து இறுகியிருக்கும். சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷை நனைத்துத் தேய்த்துத் துடைத்தால் பிடித்துக்கொள்ளும்.

தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். வெள்ளம் வந்தால் ஃப்ரிட்ஜை என்ன செய்வது? (வாசகர், வேளச்சேரி, சென்னை)

2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர் கேட்கிறீர்கள், இந்தக் கேள்வி எல்லா வீட்டுக்கும் வேண்டும். மழை எச்சரிக்கை வந்ததும் ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். திறக்காமல் இருந்தால் கீழ்த்தட்டு சுமார் 4 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர் நிரம்பியிருந்தால் 48 மணி நேரம், பாதி என்றால் 24.

தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கம்ப்ரெசரும் அதைக் கிளப்பிவிடும் ரிலே என்கிற சுவிட்சும் அடியில்தான் இருக்கின்றன. அது வரை தண்ணீர் ஏறியிருந்தால், வெளியே காய்ந்துவிட்டதே என்று ஆன் செய்யவே கூடாது. ஷாக் அடிக்கும். ரிலே, ஒயரிங், போர்டு எல்லாவற்றையும் மெக்கானிக் பார்த்த பிறகுதான் பிளக் போட வேண்டும். மாடிக்குத் தூக்கும்போது நிமிர்த்தியே தூக்குங்கள். படுக்க வைக்க நேர்ந்தால் கம்ப்ரெசர் ஆயில் குழாய்க்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்து ஆன் செய்யுங்கள், படுத்தே வெகுநேரம் கிடந்திருந்தால் ஒரு நாள் விடுங்கள்.

கரண்ட் பில்லைக் குறைக்க இரவில் ஃப்ரிட்ஜை அணைக்கலாமா? (வாசகி, ஈரோடு)

வேண்டாம். இரவெல்லாம் ஏறிய சூட்டைக் காலையில் கம்ப்ரெசர் ஒரே மூச்சில் இறக்க வேண்டும். மிச்சமாவது சொற்பம், பாலும் மீதிக் குழம்பும் கெடும். குழம்பு ஆறிய பிறகு மூடி வையுங்கள், ஆனால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.