சனிக்கிழமை இரவுப் பிரசங்கம் – கடிதமும் பதிலும்

பாஸ்டருக்கு ஸ்தோத்திரம். பட்டர்வொர்த் பக்கம் ஒரு சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். எங்கள் பாஸ்டர் பாட்டு எண்களைச் சனிக்கிழமை இரவு 11 மணிக்குத்தான் வாட்ஸ்அப்பில் போடுகிறார். கேட்டால், பிரசங்கம் இப்போதுதான் முடிந்தது என்கிறார். வாரம் முழுக்க என்ன செய்தாராம்? கோலாலம்பூரில் நீங்களும் இப்படித்தானா?

அன்புள்ள தம்பி,

நானும் இப்படித்தான்.

திங்கள் ஓய்வு. செவ்வாய் காலை வேதபகுதியைச் சத்தமாக மூன்று தடவை வாசிப்பேன், புதன் விளக்கவுரைகள். அப்புறம் வாரம் என் கையில் இல்லை: ஆஸ்பத்திரி, வீடு சந்திப்பு, வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டம், சபையில் ஒரு சாவு விழுந்தால் இரண்டு நாள் அப்படியே போய்விடும்.

ஒரு வாரம் லூக்கா 15, காணாமற்போன வெள்ளிக்காசு: தொலைந்த ஒரு காசை ஒரு பெண் வீடெல்லாம் தேடிக் கண்டுபிடிப்பதாக இயேசு சொன்ன உவமை. புதனன்றே மூன்று தலைப்பு ரெடி: தொலைந்தது, தேடியது, திரும்பக் கிடைத்தது. (எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது எங்களுக்கு ஒரு வியாதி.) வியாழக்கிழமை செந்தூல் அடுக்குமாடியில் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனேன், ஆபீஸ் கூட்டும் வேலை, முழங்கால் வலி. மைலோ கலக்கிக் கொடுத்தார். இந்தப் பகுதியை வாசித்ததும் சிரித்துவிட்டார்.

"ஒரு வெள்ளிக்கா விளக்கேத்தி வீடு பூரா கூட்டினா? கிடைச்சதும் அக்கம்பக்கத்தை வேற கூப்பிட்டாளாமே, தேத்தண்ணிச் செலவே பத்து வெள்ளி ஆயிருக்குமே பாஸ்டர்!"

நம் ஊரில் ரிங்கிட்டுக்கு வெள்ளி என்றுதானே பேச்சு. இத்தனை வருஷம் மேடையில் நின்று இதை வாசித்திருக்கிறேன், சபை காதில் ஒரு ரிங்கிட் என்றுதான் விழுந்திருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கிரேக்க மூலத்தில் அது திராக்மா, ஏறக்குறைய ஒரு நாள் கூலி. இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அறுபத்தஞ்சா? அலமாரியையே நகர்த்தித் தேடுவேன்" என்றார்.

சனிக்கிழமை இரவு மூன்று தலைப்பையும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த அலமாரியிலிருந்து எழுத ஆரம்பித்தேன். முடிக்கும்போது மணி பதினொன்றே முக்கால்.

ஆனால் ஒன்று, செவ்வாயன்றே பகுதியை வாசித்திருக்காவிட்டால் அந்த வீட்டில் நான் அதைத் திறந்திருக்கவே மாட்டேன். அதனால் உங்கள் பாஸ்டரிடம் செவ்வாய்க்கிழமை, இந்த வாரம் எந்தப் பகுதி என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அவர் வேலையில்தான் இருக்கிறார். பாட்டு எண்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை, எங்கள் கீபோர்டு தம்பியும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறான்.