ஆர்.கே.நகர் தேர்தல் வரலாறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வடசென்னைத் தொகுதிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஆர்.கே.நகர் குறித்துத்தான் அதிகக் கேள்விகள் வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 1977 முதல் 2021 பொதுத்தேர்தல் வரையிலான கணக்கு இது.

ஆர்.கே.நகரில் ஜெயிக்கிற கட்சிதான் கோட்டையைப் பிடிக்கும் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பெரும்பாலும் உண்மை. 1977இல் தொகுதி உருவானதும் அ.தி.மு.க.வின் நடிகர் ஐசரி வேலன் வென்றார். ஆட்சியும் அவர் கட்சிக்கே. 1984இல் காங்கிரஸின் வேணுகோபால் வென்றார். அப்போது காங்கிரஸ் அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தது. 1989, 1996, 2021இல் தி.மு.க.; 1991, 2001, 2011, 2016இல் அ.தி.மு.க. எல்லாம் ஆட்சியோடு ஒத்துப்போகின்றன.

தவறியது இரண்டு முறை. 1980இல் தி.மு.க.வோடு கூட்டணி வைத்திருந்த காங்கிரஸின் ராஜசேகரன் இங்கே வென்றார், ஆனால் எம்.ஜி.ஆர். மறுபடி முதல்வரானார். 2006இல் அ.தி.மு.க.வின் சேகர்பாபு தொகுதியைத் தக்கவைத்தார், ஆட்சி கருணாநிதிக்குப் போனது. பதினொரு பொதுத்தேர்தல்களில் ஒன்பது பொருந்துகின்றன. இதை நான் ராசி என்று பார்க்கவில்லை. மீனவர், ஆலைத் தொழிலாளர், சுமை தூக்குவோர், சிறு வியாபாரிகள் எல்லோரும் நெருக்கமாக வாழும் பகுதி இது. மாநிலத்தில் வீசும் காற்று இங்கே சீக்கிரம் தெரியும்.

அப்படியானால் அ.தி.மு.க.வின் கோட்டை என்று ஏன் சொல்கிறார்கள்?

இரண்டு இடைத்தேர்தல்களையும் சேர்த்துப் பதின்மூன்று தேர்தல்களில் ஏழு வெற்றி அந்தக் கட்சிக்கு. 2001 முதல் 2016 வரை இடைவிடாமல் வென்றதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சேகர்பாபு கதையைப் பாருங்கள். இரட்டை இலையில் இரண்டு முறை வென்றவர், 2011 தொடக்கத்தில் தி.மு.க.வுக்கு மாறி அதே தொகுதியில் நின்றார். அ.தி.மு.க.வின் வெற்றிவேலிடம் 31,255 வாக்குகளில் தோற்றார். ஆளைத் தெரிந்திருந்தும் மக்கள் சின்னத்துக்குத்தான் போட்டார்கள். ஆனால் அந்தச் சின்னமும் இங்கே தோற்றிருக்கிறது, கீழே வருகிறது.

2015 இடைத்தேர்தலில் ஜெயலலிதாவுக்கு ஒன்றரை லட்சம் வாக்கு வித்தியாசம் எப்படி வந்தது?

வித்தியாசம் 1,50,722. அதை அவருடைய செல்வாக்காக மட்டும் படிக்கக் கூடாது. தி.மு.க. அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. முக்கியப் போட்டியாளர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி.மகேந்திரன், அவர் பெற்றது 9,710. மறு ஆண்டே தி.மு.க. களத்தில் இறங்கியபோது வித்தியாசம் 39,545 ஆகிவிட்டது. இந்தத் தொகுதியில் அவருடைய உண்மையான பலத்தை 2016 கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

2017இல் என்னதான் நடந்தது? பணம் என்ற ஒரே சொல்லோடு எல்லோரும் முடித்துவிடுகிறார்கள்.
– கொருக்குப்பேட்டை வாசகி

நீங்கள் கேட்டது நியாயம். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்ததால் தொகுதி காலியானது. 2017 ஏப்ரல் 12இல் வாக்குப்பதிவு என்று அறிவித்தார்கள். அ.தி.மு.க. இரண்டு அணியாகப் பிரிந்திருந்ததால் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. சசிகலா அணியின் டி.டி.வி.தினகரன் தொப்பிச் சின்னத்திலும், பன்னீர்செல்வம் அணியின் மதுசூதனன் மின்கம்பத்திலும் நின்றார்கள். ஏப்ரல் 7 அன்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் தொடர்புடைய இடங்களில் வருமான வரிச் சோதனை நடந்தது. சிக்கிய தாள்களில் 89 கோடி ரூபாய் விநியோகக் கணக்கு இருந்ததாகச் செய்தி வந்தது. வாக்குப்பதிவுக்கு மூன்று நாளே இருந்தபோது ஆணையம் தேர்தலை ரத்து செய்தது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் இதே காரணத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தன.

மறுபடி டிசம்பர் 21இல் வாக்குப்பதிவு. அதற்குள் இரட்டை இலை, ஒன்றுசேர்ந்துவிட்ட பழனிசாமி–பன்னீர்செல்வம் தரப்புக்குக் கிடைத்துவிட்டது. அதில் மதுசூதனன் நின்றார். சுயேச்சையாக நின்ற தினகரனுக்குப் பிரஷர் குக்கர் சின்னம். 59 வேட்பாளர்கள்; ஒரு இயந்திரத்தில் 16 பெயர்தான் அடங்கும் என்பதால் ஒவ்வொரு சாவடியிலும் நான்கு இயந்திரங்களை அடுக்கினார்கள். தினகரன் 89,013, மதுசூதனன் 48,306. ஆளுங்கட்சி, இரட்டை இலை இரண்டும் இருந்தும் 40,707 வாக்குகளில் தோல்வி.

பிறகு பணம் தருவதற்கு அடையாளமாக, இருபது ரூபாய் நோட்டைத் தினகரன் தரப்பினர் டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் மறுத்தார்கள். பணப்புழக்கம் பற்றிய புகார் எல்லாத் தரப்பின்மீதும் இருந்தது. பணம் மட்டுமே முடிவு செய்தது என்றால், அதிகாரத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பின்னால் போயிருக்க மாட்டார்கள். ஆட்சியின்மீது இருந்த கோபம், அதைத் தோற்கடிக்கக்கூடியவர் யார் என்று பார்த்து அவர் பக்கம் சேர்ந்தது என்பதே என் கருத்து.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு. ஓராண்டுக்கு மேல் அந்த மக்களுக்குச் சட்டமன்ற உறுப்பினரே இல்லை. குடிநீர், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கும் வண்டிகள் – இதையெல்லாம் சபையில் எழுப்ப ஆள் இல்லை. முறைகேடு செய்தவர்கள் யாராக இருந்தாலும், தண்டனையை அனுபவித்தது வாக்காளர்கள்.

அந்தத் தேர்தலில் தி.மு.க. டெபாசிட் இழந்தது எப்படி?

செல்லுபடியான மொத்த வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் கட்டிய பணம் திரும்பும். சட்டமன்றத்துக்கு அது 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. அன்று தேவைப்பட்டது 29 ஆயிரத்துச் சொச்சம். தி.மு.க. வேட்பாளர் மருதுகணேஷ் பெற்றது 24,651. 2021இல் அதே கட்சியின் எபினேசர் 42,479 வாக்குகளில் வென்றார்.

2017 டிசம்பர் தேர்தலில் நடிகர் விஷாலின் வேட்பு மனு ஏன் தள்ளுபடியானது?

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அவரை முன்மொழிந்தவர்களில் இருவர், மனுவில் இருப்பது தங்கள் கையெழுத்து இல்லை என்றார்கள். ஒருவர் குறைந்தாலே மனு நிற்காது.

ஜெயலலிதாவுக்கு முன் பெண்கள் யாராவது இங்கே வென்றிருக்கிறார்களா?
– காசிமேடு கல்லூரி மாணவி

வென்றிருக்கிறார்கள். தி.மு.க.வின் சற்குண பாண்டியன் 1989இலும் 1996இலும் வென்று, இரண்டாம் முறை சமூகநலத் துறை அமைச்சராகவும் இருந்தார். 2016இல் ஜெயலலிதாவை எதிர்த்து நின்ற சிம்லா முத்துச்சோழன் அவருடைய மருமகள். பதின்மூன்று தேர்தல்களில் நான்கில் பெண்கள் வென்ற தொகுதி இது. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உங்கள் கல்லூரியில் நீங்கள் சொல்லுங்கள்.