டுக்ளியா: கடலோரச் சிற்றரசு பற்றிக் கேட்டவர்களுக்கு

கேள்வி: டுக்ளியா எங்கே இருந்தது சார்? வரைபடத்தில் காணோமே?

இன்றைய மாண்டினீக்ரோவில். தலைநகர் போட்கோரிட்சாவை ஒட்டி மொராச்சா, ஸேட்டா என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் டோக்ளியா என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. நாட்டுக்குப் பெயர் அதிலிருந்துதான் வந்தது. ஸ்கதர் ஏரிச் சமவெளி, அப்புறம் மலை, மலை இறங்கினால் ஏட்ரியாட்டிக் கடல்.

கேள்வி: முதல் அரசர் யார்?

ஸ்லாவியர்கள் குடியேறியது 7ஆம் நூற்றாண்டில். அதற்குப் பிறகு வெகுகாலம் சான்றுகள் மிகச் சொற்பம். 10ஆம் நூற்றாண்டின் நடுவில் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்காக எழுதிய ஆட்சிக் கையேட்டில் நாட்டைச் சொல்கிறார், ஆள்பவர் பெயரைச் சொல்லவில்லை. ஈய முத்திரை ஒன்றில் பேத்தர் என்ற பெயர் கிடைக்கிறது. முதல் அரசர் என்று அடித்துச் சொல்ல அது போதாது.

கேள்வி: அண்ணா, யோவான் விளாதிமிரைச் சிறையில் பார்த்துப் பல்கேரிய இளவரசி காதலித்தாளாமே, நிஜமா?

பாதி நிஜம். டுக்ளியாவை ஆண்ட விளாதிமிர் பல்கேரிய மன்னர் சாமுவேலின் மருமகன் என்று 11ஆம் நூற்றாண்டு பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்சீஸே எழுதியிருக்கிறார். சிறை, கண்ணீர், காதல் எல்லாம் டுக்ளியப் பாதிரியார் எழுதியதாகச் சொல்லப்படும் பிற்கால நூலில் வருபவை. அந்த நூலின் காலம் பற்றியே அறிஞர்களிடையே சண்டை ஓயவில்லை. நான் அதைச் சுவைக்காகப் படிப்பேன், சாட்சிக்கு அழைக்க மாட்டேன். 1016இல் பிரெஸ்பாவில் அவர் கொல்லப்பட்டது உண்மை. உயிருக்கு ஆபத்தில்லை என்று சத்தியம் செய்து வரவழைத்துக் கொன்றார்கள். பிறகு புனிதராக வணங்கப்பட்டார்.

கேள்வி: இவ்வளவு சின்ன நாடு பைசாந்தியத்தை எப்படித் தோற்கடித்தது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. 1030களின் கடைசியில், பேரரசருக்குத் தங்கம் ஏற்றிப்போன கப்பல் ஒன்று இந்தக் கரையில் ஒதுங்கியது. ஆயிரம் ராத்தலாம்! ஆட்சியாளர் ஸ்டீபன் வொயிஸ்லாவ் அள்ளிக்கொண்டார். திருப்பிக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. மோதல் முற்றி, 1042இல் இன்றைய அல்பேனியாவின் டுர்ரஸ் நகரிலிருந்து ஆளுநர் பெரும்படையோடு வந்தார். வந்தவர்களை உள்ளே விட்டுவிட்டார்கள். படை ஆசைதீரக் கொள்ளையடித்தது. சுமையோடு திரும்பும்போது பார் நகருக்கு அருகே மலைக் கணவாய்களை அடைத்து, மேலிருந்து கல்லும் அம்பும் பொழிந்தார்கள். 40,000 பேர் செத்ததாக ஸ்கைலிட்சீஸ் கணக்கு. மிகைதான், ஆனால் எழுதியவர் தோற்ற தரப்பு என்பதைக் கவனியுங்கள். வொயிஸ்லாவின் வீரத்தைப் பலர் பாடுவார்கள். என்னைக் கேட்டால் பாதிப் புகழ் அந்த மலைக்குத்தான்.

கேள்வி: ராஜா பட்டம் போப் கொடுத்ததா?

1078 ஜனவரியில் போப் ஏழாம் கிரிகோரி எழுதிய கடிதம் வொயிஸ்லாவின் மகன் மிஹைலோவை 'ஸ்லாவியரின் அரசர்' என்று விளிக்கிறது. கிழக்கே பைசாந்தியம் நெருக்கியபோது மேற்கே ரோமைப் பிடித்துக்கொண்டார், கெட்டிக்காரர். இன்றைய குரோவேஷியாவின் ஸ்டான் ஊர்த் தேவாலயச் சுவரில் முடியணிந்து நிற்பவர் அவர்தான் என்பது பெரும்பாலோர் கருத்து.

கேள்வி: கடைசியில் என்ன ஆனது?

மிஹைலோவின் மகன் போதினுக்குப் பிறகு பங்காளிச் சண்டை. 1180களில் செர்பியாவின் ஸ்டீபன் நெமான்யா நாட்டை எடுத்துக்கொண்டார். அதற்குள் ஸேட்டா என்ற பெயரே புழக்கத்துக்கு வந்திருந்தது.