எந்தக் கரை, எந்த மாதம்? – நுகர்வோர் கேள்வி பதில்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கை செல்ல எண்ணுகிறோம். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. திருகோணமலைக் கடற்கரையில் நான்கு இரவுகள் தங்கும் பேக்கேஜ் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: வாங்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் இதே டிசம்பரில், இதே போன்ற பாதி விலையைக் கண்டு நானும் திருகோணமலையை அடுத்த நிலாவெளியில் அறை எடுத்தேன். புறாத் தீவுக்குப் படகு விடவில்லை, கடலில் கால் நனைக்கவும் விடவில்லை. பிள்ளைகள் நான்கு நாட்களும் அறைக்குள்ளேயே இருந்தார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று இலங்கையின் கிழக்கிலும் வடக்கிலும் மழையைக் கொட்டுகிறது என்பதை எனக்கு விற்ற ஏஜென்ட் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நடுவே இருக்கும் மலைநாடு அந்தக் காற்றைத் தடுத்துவிடுவதால், அதே மாதங்களில் காலி, ஹிக்கடுவ ஆகிய ஊர்கள் உள்ள தென்மேற்குக் கரை பெரும்பாலும் வெயிலோடு இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழாக மாறும். ஆகவே அரையாண்டு விடுமுறை என்றால் காலிக்குச் செல்லுங்கள். திருகோணமலைதான் வேண்டுமென்றால் பிள்ளைகளின் கோடை விடுமுறை வரை பொறுத்திருங்கள். அக்டோபர், நவம்பரில் இரு கரைகளிலும் மழை உண்டு.

கேள்வி: தாய்லாந்து செல்ல எந்த மாதம் நல்லது? – வாசகர், மேலூர்

பதில்: ஊரைச் சொல்லாமல் மாதத்தைக் கேட்காதீர்கள். நவம்பரில், மேற்குக் கடலில் இருக்கும் பூக்கெட்டில் மழை ஓயத் தொடங்கும். மறுபுறக் கடலில் இருக்கும் சாமுய் தீவில் அதே நவம்பரில்தான் மழை உச்சத்தில் இருக்கும்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் செப்டம்பரில் பூக்கெட் சென்றோம். சிமிலான் தீவுகளுக்குப் படகுப் பயணம் உண்டு என்று எழுதித் தந்து பணம் வாங்கியிருந்தார்கள். அங்கே போனபின் தீவுகள் மூடப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், 'மழை எங்கள் கையிலா இருக்கிறது?' என்கிறார் ஏஜென்ட். – வாசகர், சோழவந்தான்

பதில்: ஐயா, உங்கள் கடிதம் மனத்தை வருத்தியது. நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுத்திலும் வாங்கியிருக்கிறீர்கள். தவறு உங்களுடையதே அல்ல. மழையைக் காட்டி அவர் தப்பிக்கவும் முடியாது. சிமிலான் தேசியப் பூங்கா ஆண்டுதோறும் மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுவது முன்கூட்டியே அறிவிக்கப்படும் செய்தி. அந்தத் தொழிலில் இருப்பவர் அதை அறிந்திருக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. முதலில் நடந்ததை எழுதிப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். ஏஜென்டின் அலுவலகம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதால் ரசீதையும் பயணத் திட்டத் தாளையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: ஜூலையில் மூணாறு விடுதிக்கு முழுத் தொகையும் கட்டிவிட்டேன். அப்போது கடும் மழை இருக்கும் என்று இப்போது நண்பர்கள் சொல்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகர், அண்ணா நகர்

பதில்: ரத்து விதியில் எழுதியிருப்பது மட்டுமே கிடைக்கும். ஜூலையில் மூணாறு எப்படி இருக்கும் என்பதை மலையடிவாரத்துப் போடியில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நண்பர்களிடம் கேட்பதைப் பணம் கட்டுவதற்கு முன் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: வியட்நாம் பேக்கேஜ் நோட்டீசில் 'ஆண்டு சராசரி வெப்பநிலை 26 டிகிரி, எப்போதும் இதமான காலநிலை' என்று இருக்கிறது. நம்பலாமா? – வாசகி, வாடிப்பட்டி

பதில்: நம்பி முடிவெடுக்காதீர்கள். பல ஆண்டுகளாக நான் எதிர்த்துவரும் விற்பனை முறை இது. வெப்பமண்டல நாட்டில் பருவங்களைப் பிரிப்பது வெப்பநிலை அல்ல. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்த மலையில் மோதுகிறது என்பதே. கொழும்பில் மே மாத அடைமழையிலும் பிப்ரவரி வெயிலிலும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். இது நமக்குத் தெரியாததும் அல்ல. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் சாரலாக இறங்கும்போது, மலையின் மறைவில் இருக்கும் மதுரையில் வறண்ட காற்றுதான் வீசுகிறது; நம்முடைய பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. சில மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு என்றால், வடக்கு தெற்காக 1,600 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் வியட்நாமுக்கு ஒரே ஒரு எண் எப்படிப் பொருந்தும்? ஜனவரியில் வடக்கே ஹனோயில் கம்பளிச் சட்டை வேண்டும். அதே வாரம் தெற்கே சைகோனில் வெயில் அடிக்கும். ஹோய் ஆன், ஹுவே ஆகிய ஊர்கள் உள்ள நடுப்பகுதியிலோ அக்டோபர், நவம்பரில் வெள்ளம் தெருக்களுக்குள் வரும். 'ஆஃப் சீசன் ஆஃபர்' என்று கொட்டை எழுத்தில் அச்சிடுகிறவர்கள், அது ஏன் ஆஃப் சீசன் என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். ஒவ்வொரு ஊரின் பெயருக்கு எதிரேயும் அந்த மாதத்தின் மழையளவும் மழை நாட்களும் இருக்க வேண்டும். அவர்கள் தரும்வரை, உலக வானிலை அமைப்பின் இணையதளத்தில் நகரவாரியாக இருக்கும் மாதக் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயணம் முழுவதும் மழை பெய்தால் டிராவல் இன்சூரன்ஸ் பணம் தருமா? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: தராது. விமான ரத்து, தாமதம் போன்றவற்றுக்குப் பாலிசியில் எழுதியுள்ளபடிதான் தரும்.

கேள்வி: விமானத்துக்குப் பதில் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குக் கப்பலில் நவம்பரில் போகலாமா? – வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: அந்தச் சேவை 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது; 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. நவம்பரில் அதை நம்பி யாழ்ப்பாணத்தில் அறைக்கு முன்பணம் கட்டாதீர்கள்.