ஊற்றில் வந்த காப்பி வாடை

அன்புள்ள அண்ணா,

எனக்கும் தாண்டிக்குடிதான். முதுகலை நிலவியல் படிக்கிறேன். ஆந்திராவின் பெலும் குகைப் பக்கம் நிலத்தடி நீர் எப்படி ஓடுகிறது என்று கணினியில் மாதிரி செய்கிறேன். சுண்ணாம்புக்கல் முழுவதையும் நீர் வேகமாக இறங்கும் மணலாக வைத்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். போதுமா? எந்த மென்பொருள் நல்லது? நம் குணா குகைக்கும் இதைச் செய்யலாமா?

ஆர்.

அன்புள்ள தம்பி,

குணா குகையை விடு. பழனி மலை சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை, சுண்ணாம்புக்கல் போல மழைத்தண்ணீரில் கரைந்து குகையாகிற கல்லே இல்லை. நிலவியல் படிக்கிற தாண்டிக்குடிக்காரன் கேட்கிற கேள்வியா இது? மென்பொருளுக்கு மாட்ஃப்ளோ இருக்கிறது, இலவசம், குழாய் ஓட்டத்துக்கென்று தனிப் பகுதியும் அதில் உண்டு.

மணல் விஷயத்துக்கு வருகிறேன். டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1856-ல் எழுதிய விதி மணல் நிரப்பிய குழாயில் பார்த்தது. அங்கே தண்ணீர் ஊர்ந்து போகும், அழுத்தம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். குகைக்குள் சுழித்து ஓடும் தண்ணீருக்கு அழுத்தம் இரட்டித்தாலும் ஓட்டம் 1.4 மடங்குதான். வருஷக் கணக்குக்கு மணல் போதும். இங்கே விழுந்த அழுக்கு எந்த ஊற்றில் எப்போது வரும் என்று கேட்டால் அது கையை விரித்துவிடும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். மேலே ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பல்ப்பரில் அரைத்த கழிவுத் தண்ணீரைக் குழி வெட்டி விட்டார்கள். மண்ணே குடித்துவிடும் என்றார் முதலாளி. மூன்றாம் நாள் எங்கள் ஊற்றில் புளித்த காப்பித் தோல் வாடை. அப்பத்தா ஒரு குடம் மொண்டு போய் அவர் வாசலில் இறக்கி, "நீங்களே குடிச்சுப் பாருங்க மொதலாளி" என்றாள். சார்னோகைட்டிலேயே வெடிப்பு வழியாக இவ்வளவு என்றால் சுண்ணாம்புக்கல்லில் கேட்கவே வேண்டாம். பிரான்சில் பொந்தார்லியே ஊரில் 1901-ல் பெர்னோ ஆலை தீப்பிடித்து அப்சிந்த் சாராயம் தூ ஆற்றில் ஓடியபோது, இரண்டு நாள் கழித்து மலைக்கு அந்தப் பக்கம் லூ ஆற்றின் ஊற்றில் அதே வாடை அடித்தது. பிற்பாடு தூ ஆற்றில் சாயம் விட்டும் பார்த்தார்கள், அதுவும் அந்த ஊற்றில்தான் வந்தது.

நீ பெலும் குகைக்குள் ஒரு தடவையாவது இறங்கினாயா? உன் கடிதத்தில் ஒரு கிணறு, ஒரு ஊற்றின் பெயர் இல்லையே. உள்ளே பாதாளகங்கை என்று ஒரு சின்ன ஓடை தரைக்குள் மறைகிறது, அது ஊர்க் கிணற்றுக்குப் போகிறது என்பார்கள். போகிறதா என்று பார்க்காமல் ராத்திரி முழுக்க லேப்டாப்பில் கட்டம் வரைந்து என்ன ஆகப்போகிறது? அனுமதி வாங்கு, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களிடம் முதலில் சொல்லு, அப்புறம் சாயம் விடு. சாயத்துக்குக் காசு இடித்தால் எனக்கு எழுது, கூச்சப்படாதே. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. அந்தக் குழி இன்னும் அங்கேதான் இருக்கிறது, காட்டுகிறேன்.